எந்த நாட்டுப் பாங்கியில் வேலை? ஒரு தொழிலாளி வீட்டுக் கேள்வி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்காநல்லூர்ப் பக்கம் உள்ள நமது சங்க ஆபீசில், கிளை மகாநாட்டு வசூல் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வயதான மில் தோழர் ஒருவர் தம் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ரிங் பிரேமில் சைடு ஓட்டியவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறிப்போனதால், மாடிப்படி ஏறி வந்து வாய் திறக்க அவருக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. அந்த அம்மாள் சூலூர்ப் பக்கம் தோட்டத்து வேலைக்குப் போகிறவர். வெங்காயம் பிடுங்கிய மண் நகக்கண்ணில் அப்படியே இருந்தது.

"ஏனுங்க தோழர், நம்ம பாப்பாளுக்கு மூணு ஊர்ல வேலை வந்திருக்குதுங்க. லண்டன்ல ஒண்ணு, சிங்கப்பூர்ல ஒண்ணு, பம்பாயில ஒண்ணு. மூணுமே பாங்கி வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லோணுமாம். நானு லண்டனுங்கறேன், இவ சிங்கப்பூருங்கறா. மூணு ராத்திரியா ஊட்ல ஒருத்தரும் தூங்கலைங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நாம் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். லண்டனையும் சிங்கப்பூரையும் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒன்று நமக்குப் பழக்கம். மெமோ வந்தாலும் சார்ஜ் ஷீட் வந்தாலும் தொழிலாளி அதைச் சங்க ஆபீசுக்குத்தான் கொண்டு வருவார். வரிக்கு வரி படித்துப் பதில் எழுதுவோம். நியமன உத்தரவும் ஒரு தாள்தானே! உட்கார்ந்து படித்தோம். பாங்கி ஊழியர் சங்கத் தோழர் ஒருவரையும், வருமான வரிக் கணக்குப் பார்க்கத் தெரிந்த நண்பர் ஒருவரையும் கூப்பிட்டுக்கொண்டோம். அன்று தெரிந்துகொண்ட விஷயங்களையும், நாம் வந்து சேர்ந்த முடிவையும் வாசகத் தோழர்கள் முன் வைக்கிறோம். இன்று மில் லைன் வீடுகளிலும் தோட்டத்துச் சாளைகளிலும் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். இந்தக் கேள்வி நாளை உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும்.

இது என்ன பாங்கி?

நமக்குத் தெரிந்த பாங்கி வேறு. பணம் போடுவோம், நகை வைப்போம், பயிர்க் கடன் கேட்போம். 1969 ஜூலை 19ஆம் தேதி 14 பெரிய பாங்கிகள் தேசியமயமான பிறகுதான் கிராமத்தில் கிளை திறந்தது. குடியானவனும் உள்ளே நுழைந்தான்.

முதலீட்டு பாங்கி என்பது அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. அங்கே நமது சேமிப்புப் புத்தகத்துக்கு வேலை இல்லை. ஒரு கம்பெனியின் பங்குகளை மார்க்கெட்டில் விற்றுக் கொடுப்பது, ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனிக்கு வாங்கிக் கொடுப்பது, சர்க்காருக்கும் முதலாளிக்கும் கோடிக்கணக்கில் கடன் திரட்டிக் கொடுப்பது, நாணய மாற்று வியாபாரம் செய்வது, ஒவ்வொன்றிலும் கமிஷன் எடுப்பது: இதுதான் தொழில். ஈரோட்டு மஞ்சள் மண்டித் தரகனை உங்களுக்குத் தெரியும். விளைவித்தவனும் அவனல்ல, அரைத்துத் தின்பவனும் அவனல்ல. ஆனால் அவன் கை படாமல் மூட்டை நகராது. அந்தத் தரகை உலக அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். முதலீட்டு பாங்கியின் உருவம் கண்ணுக்குத் தெரியும்.

"அது எங்கோ சீமையில் நடக்கும் சமாசாரம், நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனை எடுத்துக் கொள்ளுங்கள். 1956இல் தனியார் கம்பெனிகளைத் தேசியமயமாக்கி உருவான ஸ்தாபனம் அது. மில் தொழிலாளி சம்பளத்தில் பிடித்துக் கட்டிய பாலிஸியெல்லாம் அதில்தான். 2022 மே மாதத்தில் மத்திய சர்க்கார் அதன் பங்கில் நூற்றுக்கு மூன்றரை பாகத்தை விற்றது. சுமார் 21,000 கோடி ரூபாய் பெறுமான விற்பனை. விற்றுக் கொடுக்க நியமிக்கப்பட்டவை உள்நாட்டு, வெளிநாட்டு முதலீட்டு பாங்கிகள். பங்கு ஒன்று 949 ரூபாய் என்று விற்றார்கள். மார்க்கெட்டில் இறங்கிய முதல் நாளே விலை அதற்குக் கீழே போயிற்று.

இன்னும் பக்கத்தில் வருவோம். 2007ஆம் வருஷம் டாலரின் விலை 44 ரூபாயிலிருந்து 39 ரூபாய்க்கு இறங்கியது. திருப்பூர் பனியன் ஏற்றுமதி முதலாளிக்குக் கையில் வருவது டாலர். கூலியும் நூலும் கொடுப்பது ரூபாயில். அவர் தவித்தார். அந்தச் சமயத்தில் பாங்கிகள் ஒரு தாளை நீட்டின. டாலர் இத்தனைக்குப் போனால் உமக்கு லாபம், சுவிஸ் பிராங்கு அத்தனைக்கு ஏறினால் நீர் கட்ட வேண்டும் என்று பின்னிப் பின்னி எழுதிய ஒப்பந்தங்கள். திருப்பூருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்கு என்ற மட்டத்துக்குச் சரிந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் நஷ்டத்தில் மூழ்கினார்கள். கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜஸ்ரீ சர்க்கரைக் கம்பெனி, ஆக்சிஸ் பாங்கியோடு செய்த இப்படிப்பட்ட ஓர் ஒப்பந்தம் சூதாட்டமே, செல்லாது என்று சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. சூதாட்டம் ஆகாது என்று 2008 அக்டோபரில் கோர்ட்டு கூறிவிட்டது.

முதலாளி நஷ்டப்பட்டால் நமக்கென்ன என்று கேட்கலாம். நஷ்டம் முதலாளியோடு நிற்பதில்லை. அது தையல் மெஷின் வரைக்கும் இறங்கி வரும். ஓவர்டைம் இல்லை, ஆள் குறைப்பு, பீஸ் ரேட் வெட்டு என்று பெயர் மாற்றிக்கொண்டு வரும்.

ஏழு நாளில் பத்து ஷிப்டு

அந்தப் பெண்ணிடம், "அம்மிணி, வேலை நேரம் எத்தனை மணி என்று தாளில் போட்டிருக்கிறதா?" என்று கேட்டோம். "வேலைக்குத் தேவையான அளவு என்று போட்டிருக்குதுங்க" என்றாள். நமது பாங்கி ஊழியர் தோழர் சிரித்தார். மில் தோழர் சிரிக்கவில்லை. தேவையான அளவு என்ற வார்த்தையின் அர்த்தம் அவருக்குத் தெரியும்.

உலகத்துப் பெரிய முதலீட்டு பாங்கிகளில் ஒன்றான ஜே.பி. மார்கன், 2024 செப்டம்பரில் இளம் ஊழியர்களுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. எத்தனை தெரியுமா? வாரத்துக்கு 80 மணி. அதற்கும் விதிவிலக்கு உண்டு. 80 மணியை வரம்பு என்று வைத்தார்களென்றால், அதற்கு முன் எத்தனை மணி வேலை வாங்கியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணி ஷிப்டாகப் பார்த்தால், ஏழு நாளில் பத்து ஷிப்டு! 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் நான்கு ஷிப்டு. ஓவர்டைம் ரெட்டைச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது.

2013 ஆகஸ்டில், லண்டனில் ஒரு முதலீட்டு பாங்கியில் பயிற்சிக்கு வந்த 21 வயது மாணவன் தன் அறையில் இறந்து கிடந்தான். வலிப்பு நோயால் மரணம், வேலைக் களைப்பு அதைத் தூண்டியிருக்கக் கூடும் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. உலகமெங்கும் அது பேசப்பட்டது. பட்டு நூல் டை கட்டிய பையன் என்பதால் அவன் தொழிலாளி இல்லாமல் போய்விடுவானா? உழைப்பை விற்றுப் பிழைப்பவன் எவனும் தொழிலாளிதான்.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி வேலைக்கு வழி திறக்கும் சட்டத் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். நம்மால் அதைச் செய்ய முடிந்தது, நமக்குச் சங்கம் இருந்ததால். சங்கம் இல்லாத இடத்தில் பத்து ஷிப்டுக்கும் பெருமை என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

மூன்று ஊர், மூன்று கணக்கு

இனி ஊர்க் கணக்குக்கு வருவோம். சம்பளத்தின் மேல் தலைப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. பிடித்தம் போகக் கையில் வருவதைப் பார்க்க வேண்டும் என்பது மில் தொழிலாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லண்டனில் வருஷத்துக்கு 70,000 பவுன் சம்பளம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வருமான வரி 15,432 பவுன். தேசிய இன்ஷூரன்ஸ் சுமார் 3,410 பவுன். கையில் நிற்பது 51,000 சொச்சம். நூற்றுக்கு 27 பிடித்தம். இது போக, வெளிநாட்டார் ஆஸ்பத்திரி வசதிக்காக ஆளுக்கு வருஷம் 1,035 பவுன் விசாவோடு முன்கூட்டியே கட்ட வேண்டும்.

சிங்கப்பூரில் ஏறக்குறைய அதே பெறுமானமுள்ள சம்பளம், 1,20,000 சிங்கப்பூர் டாலர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வசிப்பவர் என்ற கணக்கில் வரி 7,950 டாலர். நூற்றுக்கு ஏழு கூட இல்லை. இதைப் பார்த்ததும் அந்த அம்மாள், "அப்பறமென்னங்க, சிங்கப்பூர்தானுங்களே!" என்றார்.

அவசரப்படக் கூடாது. வரி குறைவென்றால், அந்த வரியிலிருந்து திரும்பி வருவதும் குறைவு. சிங்கப்பூரில் மத்திய சேமநிதி என்று ஒன்று உண்டு. முதலாளியும் தன் பங்கைக் கட்டுவான். ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் வந்த வெளிநாட்டு ஊழியருக்கு ஒரு காசு கிடையாது. வேலை நேரத்துக்கும் ஓவர்டைமுக்கும் வரம்பு வைக்கும் சட்டப் பகுதி, நிர்வாகத் தரத்து ஊழியர்களுக்குப் பொருந்தாது. வேலை போய்விட்டால், அனுமதி ரத்தாகி, சாதாரணமாக 30 நாளுக்குள் மூட்டை கட்ட வேண்டும்.

லண்டனில் வாரத்துக்கு 48 மணி என்று 1998இலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பொந்தும் இருக்கிறது. 'எனக்கு இந்த வரம்பு வேண்டாம்' என்று தொழிலாளியே எழுதிக் கொடுக்கலாம். பாங்கிகள் அந்தக் கையெழுத்தை முதல் நாளே வாங்கிவிடுவது வழக்கம். கையெழுத்துப் போட்டவர் பிறகு நோட்டீஸ் கொடுத்து அதைத் திரும்பப் பெறும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. இதை எந்தப் பாங்கியும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பதில்லை. நாம்தான் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வேலை போனால் அங்கே வழக்கமாக 60 நாள் அவகாசம். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்து வருஷம் என்றிருந்ததைப் பத்து வருஷமாக்கப் போவதாகப் பிரிட்டிஷ் சர்க்கார் 2025 மே மாதத்தில் அறிவித்தது. வேலைக்கு வெளியாள் எடுக்கக் குறைந்தபட்சச் சம்பளத்தையும் அந்த வருஷம் ஜூலையில் 41,700 பவுனாக ஏற்றியது. கதவு திறந்தே இருக்கும் என்று நம்பிப் போகிறவர், கதவைச் சாத்துகிற கை தன் கையல்ல என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்காவைப் பாருங்கள். 2025 செப்டம்பரில் ஒரே ஓர் உத்தரவில், புதிதாகக் கேட்கும் எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று போட்டுவிட்டார்கள்.

பெற்றோர் விஷயம் என்ன? பிரிட்டனில் 2012க்குப் பிறகு வயதான தாய் தகப்பனை வரவழைத்து வைத்துக்கொள்வது குதிரைக் கொம்பு. சிங்கப்பூரில் மாதம் 12,000 டாலர் நிலையான சம்பளம் இருந்தால்தான் பெற்றோருக்கு நீண்ட நாள் அனுமதி கேட்கலாம். நாம் மேலே போட்ட கணக்குப்படி மாதம் 10,000தான் வருகிறது. ஆகவே இரண்டிலும் இல்லை. ஆனால் கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் உண்டு. ராத்திரி ஏறினால் விடியும்போது இறங்கலாம். நெஞ்சு இரைக்கிற தகப்பனுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

மும்பையோ ரூபாய்ச் சம்பளம். 24 லட்சத்துக்கு மேல் போகும் பாகத்துக்கு நூற்றுக்கு 30 வரி. வெளிநாட்டுத் தொகையோடு ஒப்பிட்டால் கை இளைத்துத்தான் தெரியும். ஆனால் வேலை போனால் நாட்டை விட்டுப் போ என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. ஒரு பாங்கியில் நின்று இன்னொரு பாங்கிக்குப் போக எவன் அனுமதியும் வேண்டாம்.

மகள் கேட்ட கேள்வி

இவ்வளவும் பேசி முடித்த பிறகுதான், தாயும் தகப்பனும் ஊரைச் சொன்னார்களே தவிர, பெண்ணைக் கேட்கவே இல்லை என்பது நமக்கு உறைத்தது. "அம்மிணி, உன் யோசனை என்ன?" என்றோம்.

அவள் சற்றுத் தயங்கி, "எந்த ஊர்ல 'இது என்னால ஆகாது'ன்னு சொல்ல முடியுமுங்க? அது தெரிஞ்சாப் போதுமுங்க" என்றாள்.

இருபது வருஷம் சங்க வேலை பார்த்த நமக்கு வெட்கமாக இருந்தது. நாம் பவுனையும் டாலரையும் எண்ணிக்கொண்டிருந்தோம். அவள் விஷயத்தின் வேரைப் பிடித்துவிட்டாள். உழைப்பைக் கொடுக்க மறுக்கும் சக்திதான் தொழிலாளியின் முதல் சொத்து. வேலை நிறுத்தம் என்பது வேறென்ன? அந்தச் சக்தியை எது எது கட்டிப்போடுகிறது என்று தாளை மறுபடி புரட்டினோம். மூன்று கயிறுகள் தெரிந்தன.

முதல் கயிறு, படிப்புக் கடன். மேல்படிப்புக்காக வீட்டுப் பத்திரம் பாங்கியில் இருக்கிறது. வேலையை விட்டால் அடுத்த மாதமே தவணை நிற்கும்.

இரண்டாவது கயிறு, வேலை அனுமதி. வெளிநாட்டில் தங்கும் உரிமை முதலாளியின் கடிதத்தில் தொங்குகிறது. முதலாளியோடு சண்டை என்றால் நாட்டோடு சண்டை.

மூன்றாவது கயிறு, முன்பணம். வேலையில் சேர்ந்தவுடன் ஒரு பெருந்தொகை கொடுப்பதாக லண்டன், சிங்கப்பூர் கடிதம் இரண்டிலும் இருந்தது. கீழே பொடி எழுத்தில், ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் இருந்தது. வருஷ போனஸும் அப்படியே. பட்டுவாடா நாளன்று வேலையில் இருப்பவருக்குத்தான்.

இதைப் படித்தபோது அந்த அம்மாள், "இது நம்ம சுமங்கலித் திட்டமாட்டவே இருக்குதுங்களே!" என்றார். நாம் யாரும் எதிர்பார்க்கவில்லை. மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் அடைந்து கிடந்து வேலை செய்தால் கடைசியில் மொத்தமாகத் தொகை, கல்யாணத்துக்கு ஆகும். இடையில் நின்றால் போச்சு என்று நமது கொங்கு நாட்டு மில்களுக்குத் தென் ஜில்லாப் பெண்களைக் கொண்டுவந்தார்களே, அந்த முறை! சிலோன் தோட்டத்துக் கங்காணி முன்பணமும் இதே வம்சந்தான். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த நாம் தயாரில்லை. அந்தப் பெண்கள் அரைவயிற்றுப் பஞ்சத்தில் வந்தவர்கள். இவள் நாளை கை நிறையச் சம்பாதிப்பாள். ஆனால் கயிறு திரிக்கிற விதம் ஒன்று என்பதை அந்தத் தாய் ஒரு நொடியில் கண்டுகொண்டார்.

போகத்தான் வேண்டுமா?

நமது ஆபீசிலேயே ஓர் இளந்தோழர் ஆட்சேபித்தார். "முதலாளித்துவத்தின் கோட்டைக்குள் நம் வீட்டுப் பிள்ளையை அனுப்ப நாமே யோசனை சொல்வதா? வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார்.

அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்த முடிவு சரியல்ல என்பது நமது கருத்து. கோவையில் முதல் நூல் மில்லை 1888இல் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பித்தார். அன்று முதல் இன்று வரை எந்தத் தொழிலாளி தன் முதலாளியைத் தேர்ந்தெடுத்தான்? வயிறு தேர்ந்தெடுத்தது. கோவையின் என்.டி.சி. மில்கள் 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தோடு நின்றபின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் படும் பாட்டை நாம் பார்க்கிறோம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை படித்து முன்னுக்கு வந்தால், 'உனக்கு இந்த வேலை ஆகாது' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அந்த வீட்டுப் பத்திரத்தை நாம் மீட்டுக் கொடுக்கப் போகிறோமா?

அதற்காக, வேலை எப்படிப்பட்டது என்பதை மூடி மறைக்கவும் கூடாது. திருப்பூர் முதலாளியிடம் அந்தப் பிராங்கு ஒப்பந்தத்தை நீட்டிய பையனும் யாரோ ஒரு தொழிலாளியின் மகனாக இருந்திருக்கலாம். அவனுக்கும் இத்தனை தாள் விற்க வேண்டும் என்று மாதக் கெடு இருந்திருக்கும். ஆகவே அந்தப் பெண்ணிடம் ஒன்று சொன்னோம்: "உன் அப்பாவுக்குப் புரியும்படி சொல்ல முடியாத தாளை எவனுக்கும் விற்காதே. அப்படி விற்கச் சொல்கிற நாளில் 'என்னால் ஆகாது' என்று சொல்ல வேண்டிவரும். அதற்குத்தான் கயிறுகளை இன்றே எண்ணி வைக்கிறோம்."

இந்தப் பாங்கிகள் மலை போல் நிற்கின்றன என்றும் நம்ப வேண்டாம். 1762இல் லண்டனில் தோன்றிய பேரிங்ஸ் பாங்கி, சிங்கப்பூர் ஆபீசில் ஒருவன் ஆடிய சூதில் 1995 பிப்ரவரியில் கவிழ்ந்தது. 1850இல் தோன்றிய லேமான் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15ஆம் தேதி திவாலாயிற்று. சுமார் 25,000 பேருக்கு அங்கே வேலை இருந்தது. அட்டைப் பெட்டியில் சாமானை எடுத்துக்கொண்டு அவர்கள் தெருவில் இறங்கிய படத்தை உலகமே பார்த்தது. கிரெடிட் சுவிஸ் 2023 மார்ச்சில் யு.பி.எஸ். பாங்கியின் வாயில் போயிற்று. மில் கேட்டில் 'மூடல்' நோட்டீஸ் ஒட்டிய காலை நேரம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கண்ணாடி மாளிகையிலும் அந்தக் காலை வரும்.

நமது யோசனை

நாம் சொன்ன யோசனை இதுதான். கயிறு மூன்றில் எது முதலில் அறுபட வேண்டும்? கடன் கயிறு. அது இருக்கும் வரை மற்ற இரண்டையும் அறுக்கத் தெம்பு வராது. கடன் இல்லாத வீடாக இருந்தால் மும்பை என்று சொல்லியிருப்போம். சொந்த நாட்டில் நிற்கிற காலுக்கு வலு அதிகம். இந்த வீட்டில் கடனும் இருக்கிறது, தகப்பனார் நெஞ்சும் சரியில்லை. ஆகவே சிங்கப்பூர். ஆனால் சிங்கப்பூரில் சட்டத்தின் துணை குறைவு. 30 நாள் கத்தி தலைக்கு மேல் தொங்கும். அதனால் நான்கு நிபந்தனைகளோடு போக வேண்டும்.

ஒன்று: முன்பணத்தைத் தொடவே கூடாது. திருப்பிக் கேட்கும் கெடு முடியும் வரை தனிக் கணக்கில் அப்படியே கிடக்கட்டும். செலவழித்தால் அது கடன். கையில் இருந்தால் அது விடுதலைச் சீட்டு.

இரண்டு: மாதச் சம்பளத்தில் முதல் செலவு படிப்புக் கடன். ஊரில் மாடி வீடு, கார், தடபுடல் கல்யாணம் எல்லாம் பத்திரம் வீடு வந்து சேர்ந்த பிறகு. போனஸை நம்பி எந்தத் தவணையும் ஏற்கக் கூடாது.

மூன்று: ஊர் திரும்பும் டிக்கெட்டுப் பணமும் ஆறு மாதச் சோற்றுப் பணமும் சேர்த்து வைக்க வேண்டும். சேமநிதி இல்லாத நாட்டில் நமக்கு நாமே சேமநிதி.

நான்கு: செய்த வேலை நேரத்தை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மில் தொழிலாளி டோக்கன் எண் எழுதி வைத்த மாதிரி. உடம்பு சொல்லும் கணக்கை முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டான். எழுத்து ஒரு நாள் பேசும்.

கடன் தீர்ந்த அன்று மறுபடி மூன்று பேரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அன்று அவள் போகும் இடத்தை வயிறு நிர்ணயிக்காது, அவளே நிர்ணயிப்பாள்.

லண்டனை விட மனமில்லாமல் மில் தோழர், "லண்டன்னு சொன்னா ஊருக்குள்ள ஒரு இதுவுங்க" என்றார். ஊருக்குள் பெயர் வேண்டுமென்றால், முதலில் பத்திரம் வீட்டுக்கு வரட்டும் என்றார் அந்த அம்மாள். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

பதில் சொல்லுமுன் கடிதம் எழுதிக் கேட்கவும் சொன்னோம். இடையில் விலகினால் முன்பணம் முழுவதையும் கட்ட வேண்டுமா, வேலை செய்த மாதங்களைக் கழித்துக் கட்டலாமா? நிர்வாகமே வேலையை விட்டு நீக்கினாலும் திருப்பிக் கேட்பார்களா? நோட்டீஸ் காலம் எத்தனை? திரும்பும் செலவு யாருடையது? கேள்வி கேட்டால் வேலையே போய்விடும் என்று அவள் பயந்தாள். அப்படிப் போகிற வேலை என்றால் இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது என்றோம்.

வியாழக்கிழமை பதில் வந்தது. வேலை செய்த மாதங்களைக் கழித்துக்கொள்வதாகவும், நிர்வாகம் நீக்கினால் முன்பணத்தைக் கேட்பதில்லை என்றும் எழுத்தில் கொடுத்தார்கள். நோட்டீஸ் காலத்தையும் சொன்னார்கள். திரும்பும் செலவைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. முதலில் அனுப்பிய தாளில் இந்த வாசகம் ஒன்றுகூட இல்லை. கேட்டதால் கிடைத்தது. அவள் சிங்கப்பூருக்குச் சம்மதம் எழுதினாள்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை படித்து, ஏதோ ஒரு நாட்டிலிருந்து நியமன உத்தரவு வந்தால், சம்பளத் தொகையை மட்டும் படித்துவிட்டு மிட்டாய் வாங்க ஓடாதீர்கள். தாளைச் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். மில் வேலைக்கும் தோட்டத்து வேலைக்கும் கேட்கிற கேள்விகளையே கேளுங்கள்: கையில் எவ்வளவு? எத்தனை மணி? காயம் பட்டால் யார் பார்ப்பது? வேண்டாம் என்றால் என்ன ஆகும்? கண்ணாடி மாளிகையானாலும் தகரக் கொட்டகையானாலும் இந்தக் கேள்விகள் மாறுவதில்லை.

கடன் இல்லாமல் படிக்க வழியும், நின்ற மில்கள் ஓடி உள்ளூரிலேயே கௌரவமான வேலையும் இருந்தால், எந்த நாடு என்று மூன்று ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை. அதற்கான போராட்டம் நம்முடையது. அதுவரையில் போகிற பிள்ளைகள் போகட்டும். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும், 'ஆகாது' என்று சொல்லும் பலத்தோடு போகட்டும்.